‘பாலக்காரர்’ நாவலை ஆங்கிலத்தில் எழுதியது யார்?

நான் கல்கத்தாவுக்குப் போனது ஒரு கையெழுத்துக்காக. அதைப் போட வேண்டியவர் யார் என்று எனக்கும் தெரியாது, என்னை அனுப்பியவருக்கும் தெரியாது.

அனுப்பியவர் மெட்ராஸில் ஒரு பதிப்பாளர். என் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, “கதை பிரமாதம் சார். டச்சுக்காரர் செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அவரால தொந்தரவு இல்ல. ஆனா இங்கிலீஷ்ல பண்ணினது யாரு? புஸ்தகத்துல பேரே இல்லையே! நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தா நான்ல பதில் சொல்லணும்? உரிமைக் கடிதம் வாங்கிட்டு வாங்க, மறுநாளே அச்சுக்குக் கொடுக்கறேன்” என்றார்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் குவியலில் கிடைத்த நாவல் அது. ஹாலந்தில் ஒரு கால்வாய் ஊர். படகு வரும்போதெல்லாம் தூக்குப் பாலத்தைத் தூக்கிவிடும் ஒரு மனிதர், அவரை விட்டுப் போய்விடும் மகள், அவ்வளவுதான் கதை. யுத்தத்துக்கு முன்னால் கல்கத்தாவில் இருந்த ஒரு டச்சுக் கப்பல் கம்பெனி, கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கம்பெனியின் கல்கத்தா அலுவலகத்தில் மொழிபெயர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

எனக்கு நாகப்பட்டினம் தந்தி ஆபீசில் வேலை. அந்த நாவலைப் பாதி மொழிபெயர்த்திருந்தபோது என் மனைவி செண்பகம் இறந்துபோனாள். மீதிப் பாதியை முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. ஆபீசில் இருபது நாள் லீவு பாக்கி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போய்விட்டேன்.

ஹவுராவில் இறங்கியதும் என் பெட்டியை ஒருவர், மூட்டையை ஒருவர் என்று இரண்டு போர்ட்டர்கள் தூக்கிக்கொண்டு இரண்டு திசையில் நடந்தார்கள். நான் மூட்டையின் பின்னால் ஓடினேன், கையெழுத்துப் பிரதி அதில்தான் இருந்தது. பெட்டிக்காரர் வெளியே டாக்ஸி வரிசையில் எனக்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வங்காளியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்க ஆள் இல்லை. நானும் சிரித்துவைத்தேன்.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு திருநெல்வேலிக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. கடைக்கு மேலே மூன்று அறைகளை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விடுவார். அப்பளக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி என் கதை முழுவதையும் கேட்டார்.

“ஒரு கையெழுத்துக்கா இம்புட்டு தூரம் வந்திய?” என்றார். “சரி, வயசான பொம்பளையள பார்த்தா மாஷிமான்னு கூப்பிடுங்க. நம்ம பெரியம்மா சின்னம்மா மாதிரி. பாதி வேலை முடிஞ்சிரும்.”

மேலே சாப்பாடு போட்டது அவர் மகள். “சாம்பார் நல்லா இருக்கும்மா” என்றேன். அந்தப் பெண் வெட்கப்பட்டு உள்ளே திரும்பி வங்காளியில் ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, “தமிழ்ல பேசுட்டி” என்று அதட்டினாள். அதன் பிறகு அந்தப் பெண் பேசவேயில்லை. ரசத்தை மட்டும் மறுபடி ஊற்றினாள்.

மறுநாள் துறைமுகப் பக்கம், கிடர்பூர். அந்த டச்சுக் கம்பெனி மூடி இருபது வருஷம் ஆகியிருந்தது. அதன் கிடங்குகளை வாங்கிய வேறொரு கம்பெனியின் விலாசம்தான் என்னிடம் இருந்தது. பஸ்ஸில் உள்ளே நுழைய முடியவில்லை. படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு போய், துறைமுகத்துக்கு அருகே பஸ் ஒரேயடியாக நின்றுவிட்டது. கைவண்டிகள், லாரிகள், எல்லாம் நின்றன. எட்டிப் பார்த்தேன். எதிரே சாலை எழுந்து நின்றது. கப்பல் உள்ளே வருவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள்.

முந்நூறு பக்கம் தூக்குப் பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். சங்கிலி முனகும் என்று எழுதியிருந்தேன். இங்கே சங்கிலியே இல்லை. ஆனால் பாலம் மறுபடி படுக்கும்போது, கடைசி ஒரு அடியில் தயங்கி நின்று, பிறகு மெதுவாக அமர்ந்தது. நாவலில் அந்தத் தயக்கம் வருகிறது. அதை நான் அச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற கைவண்டிக்காரர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்குள் என் பஸ் போய்விட்டது. மிச்சத்தை நடந்தேன்.

கம்பெனியில் மித்ரா என்ற அதிகாரி இருந்தார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர். இளைஞராக டச்சுக் கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்தவராம். “கிடங்குகளை விற்றபோது அலமாரிகளோடு சேர்த்து என்னையும் வாங்கிவிட்டார்கள்” என்றார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தில் பொரியும் பச்சை மிளகாயும் கொட்டி என் பக்கம் தள்ளினார். அவர் பேசிய ஆங்கிலத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

“பழைய டச்சுச் சட்டம் விசித்திரமானது. தன் புத்தகத்தை வேறு யாரும் மொழிபெயர்க்கக் கூடாது என்றால் எழுதியவர் அதைப் புத்தகத்திலேயே அச்சடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, மூன்று வருஷத்துக்குள் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தைத் தூக்குகிறவனைப் பற்றி எழுதியவர், தன் வாசலைத் திறந்தே போட்டுவிட்டார்.”

“அப்படியானால் எனக்கும் தடை இல்லையே?”

“டச்சிலிருந்து செய்திருந்தால் இல்லை. உங்களுக்கு டச்சு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போது நீங்கள் மொழிபெயர்த்தது டச்சுக்காரரை அல்ல, இந்த ஆங்கிலத்தை. பிறகு வந்த சட்டம் மொழிபெயர்ப்பும் தனியான படைப்புதான் என்று சொல்லிவிட்டது.”

“யாருடைய படைப்பு?”

“அங்கேதான் சிக்கல். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. எழுதுவதுதான் வேலை என்று சம்பளம் கொடுத்து எழுதச் சொன்னால், எழுதியவர் என்ற பெயர் முதலாளிக்குத்தான். கை வலிக்க எழுதியவருக்கு இல்லை. நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் என் முதலாளிகள் இதில் யார் பெயரையும் போடவில்லை.”

எழுதியவரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஹரிபத சன்யால், டச்சுக் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கும் குமாஸ்தா. இறந்து ஐந்து வருஷம். மனைவியும் மகனும் சால்ட் லேக்கில் இருந்தார்கள்.

“நாவலை ஆபீசில் உட்கார்ந்து செய்தாரா, வீட்டிலா, எனக்குத் தெரியாது” என்றார் மித்ரா. “வீட்டில் சொந்த விருப்பத்துக்குச் செய்தது என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால், எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று நான் கடிதம் தருகிறேன். ஓய்வு பெறுவதற்கு முன் வாருங்கள். பிறகு வருகிறவருக்கு இது என்ன புத்தகம் என்றே தெரியாது.”

மூன்றாம் நாள் சால்ட் லேக். உப்பு ஏரியைத் தூர்த்துக் கட்டிய புது ஊர். வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நடுவில் மணல், நாணல். பகுதிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் நம்பரைச் சொல்லித்தான் கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொல்ல வேண்டும். நான் நம்பரை இந்தியில் தப்பாகச் சொன்னேன்போல. அவர் இறக்கிவிட்ட தொட்டியிலிருந்து என் தொட்டிக்கு ஒரு மணி நேரம் நடந்தேன். நேரான சாலைகள், எல்லாம் ஒன்றுபோல, மனித நடமாட்டமே இல்லை. கல்கத்தாவின் கூட்டத்தில் நான் தனியாக இருந்தது உறைக்கவில்லை. இந்த மணல்வெளியில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டபோது உறைத்தது. மூன்று வருஷமாக எங்கள் வீட்டிலும் நான் கேட்கும் சத்தம் அதுதான்.

அரசாங்கக் குடியிருப்பில் மாடி வீடு. கதவைத் திறந்தது மகன், சுபீர் சன்யால், ஐம்பதை நெருங்குகிறவர். முந்தின நாளே மித்ரா அவர் ஆபீசுக்கு டெலிபோன் செய்து என் விஷயத்தைச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ் முடித்து எனக்காகவே சீக்கிரம் வந்திருந்தார். சுவரில் தகப்பனார் படம். அதற்குக் கீழே கண்ணாடி அலமாரியில் அந்தப் புத்தகம், என்னுடையதைவிட நல்ல நிலையில்.

“அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் இதைப் பற்றித்தான் பேசினார்கள்” என்றார். “தமிழில் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால்!”

தாயார் பிரதிமா சன்யால் உள்ளிருந்து வந்தார். எழுபது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, நிமிர்ந்த நடை. “மாஷிமா, நமஸ்காரம்” என்றேன். தேநீரும் தேங்காய் உருண்டையும் வைத்தார். நாகப்பட்டினத்தில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். வஞ்சிரம், வௌவால் என்று கையால் அளவு காட்டிச் சொன்னேன். “கடல் மீனா! ஆற்று மீன் கிடைக்காதா?” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போது மின்சாரம் போய் விசிறி நின்றது. யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சுபீர் பாபு ஏற்கெனவே ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ‘இந்நூலை வீட்டில், தம் சொந்த விருப்பத்தின் பேரில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த காலஞ்சென்ற ஹரிபத சன்யாலின் வாரிசுகளாகிய நாங்கள், தமிழில் வெளியிடச் சம்மதிக்கிறோம்.’ கீழே அவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எனக்கு வேண்டியது முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது. பேனாவைத் தாயாரிடம் கொடுத்தார்.

மாஷிமா தாளை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“இதற்கு நான் வாரிசு இல்லை” என்றார் ஆங்கிலத்தில், எனக்காக. “நான் எழுதியதற்கு நானே எப்படி வாரிசாவேன்?”

“மா...” என்றார் மகன். பிறகு என்னிடம், “அப்பா சொல்லச் சொல்ல அம்மா காகிதத்தில் எழுதுவார். அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும். அதைச் சொல்கிறார்” என்றார்.

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்” என்றார் மாஷிமா. “சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டச்சுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்கு வங்காளியில் கதை சொல்வார். அவருடைய ஆங்கிலம் சரக்கு ரசீது எழுதுகிற ஆங்கிலம். நான் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாரம் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதுவேன். இரண்டு வருஷம்.”

அந்தத் தாளை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மகனுடைய கையெழுத்தே பதிப்பாளருக்குப் போதும். ஆனால் என் பையில் சந்தேகங்கள் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. மொழிபெயர்க்கும்போது எனக்கு இடறிய இடங்கள். யாரையாவது கண்டால் கேட்க வேண்டும் என்று மூன்று வருஷமாக வைத்திருந்தேன். எடுத்தேன்.

“நாவலில் அந்தப் பெண் துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். ஹாலந்துப் பெண்ணுக்கு ஏது முந்தானை?”

மாஷிமா சிரித்துவிட்டார். “டச்சில் அது சமையல் மேலங்கி. நான் அதை உடுத்தியதே இல்லை. எதனால் துடைத்தால் அழுகை நிற்கும் என்று எனக்குத் தெரியுமோ அதை எழுதினேன்.”

அடுத்தது என் பட்டியலில் சந்தேகம் அல்ல, ஒரு வரி. மகள் போன பிறகு பாலக்காரர் வீட்டுக்குள் வரும் இடம். ‘நம்மைக் கோபித்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு மிகப் பெரியது.’ செண்பகம் இறந்த மாதம் அந்த இடத்தில்தான் என் மொழிபெயர்ப்பு நின்றுபோயிருந்தது. அந்த வரிக்காகத்தான் மறுபடி எடுத்து முடித்தேன். அதைப் படித்துக் காட்டி, “இது டச்சில் எப்படி இருக்கிறது?” என்றேன்.

“டச்சில் இல்லை” என்றார் மாஷிமா. “‘வீடு அமைதியாக இருந்தது’ என்று மட்டும் இருக்கிறதாம். அவர் அப்படித்தான் சொன்னார். அந்த மாதம்தான் என் மாமியார் இறந்திருந்தார். ஏழு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர். அவர் போனதும் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.”

சுபீர் பாபு அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“கூட்டத்தில் இந்த வரியை நான்தான் படித்தேன்” என்றார் தாயாரிடம், ஆங்கிலத்திலேயே. “அப்பாவின் வரி என்று சொல்லி. நீ முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஏன் சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லையே” என்றார் மாஷிமா.

பிறகு என் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். முந்தின தாளையும் அடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுவரை ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கிருந்து வேறொருவர்.”

“முதல் பாதி என் மனைவியின் கையெழுத்து, மாஷிமா. இப்போது இல்லை.”

“நகல் எடுத்துக் கொடுத்தாரா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதற்கு முன் வந்த என் இரண்டு புத்தகங்களுக்கும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். செண்பகம் நகல் எடுத்தாள் என்று. ‘பாலத்தை உயர்த்தினார்’ என்று நான் எழுதியிருப்பேன். நகலில் ‘பாலத்தைத் தூக்கினார்’ என்று இருக்கும். “யாரு உயர்த்துவா? தூக்கத்தானே செய்வாங்க” என்பாள். கோபித்துக்கொள்வேன். பிறகு அவள் எழுதியபடியே விட்டுவிடுவேன். அப்படி எத்தனை இடம் என்று நான் எண்ணியதில்லை. ஒரு பக்கத்தில் என் வரிகள் எத்தனை, அவள் வரிகள் எத்தனை என்று இன்றைக்கு என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

“இல்லை” என்றேன்.

மாஷிமா தாள்களை அடுக்கி, தட்டிச் சமப்படுத்தி, நாடாவைக் கட்டி என்னிடம் கொடுத்தார். சுபீர் பாபு, “எனக்கு இரண்டு நாள் கொடுங்கள்” என்றார். அந்தத் தாள் மேசை மேலேயே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை இல்லை. டிராமில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அதே டிராமில் திரும்பினேன். ஹூக்ளியில் படகு ஏறி ஹவுரா போய்வந்தேன். படகில் ஒரு புருஷனும் மனைவியும் கரை வரும்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்லும் புரியாமல் நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மனைவி என்னை முறைத்தாள். ஒரு கடையில் பூரி போன்ற லூச்சியும் உருளைக்கிழங்கும் தின்றேன். உருளைக்கிழங்கில் சர்க்கரை போட்டிருந்தார்கள். ‘இதைப் போய்ச் சொன்னால் நம்பமாட்டாள்’ என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் யாரிடம் சொல்வதாக இருந்தேன் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை சுபீர் பாபு லேக் மார்க்கெட்டுக்கே வந்தார். அண்ணாச்சி கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து புதுத் தாள் ஒன்றை நீட்டினார். ‘இந்நூலை எங்கள் வீட்டில் என் தாயார் பிரதிமா சன்யாலும் என் தகப்பனார் ஹரிபத சன்யாலும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதினார்கள்’ என்று இருந்தது. மாஷிமா ‘எழுதியவர்’ என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்டிருந்தார். மகன் தகப்பனாரின் வாரிசாக.

“ஆபீசில் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் மறுபடி படித்தேன்” என்றார். “இத்தனை வருஷமும் அதை அப்பாவின் குரலில்தான் கேட்டிருக்கிறேன். இப்போது அவர் குரல் கேட்கவில்லை. அம்மா குரலும் இன்னும் வரவில்லை.”

அண்ணாச்சி, பேசியது புரிந்தோ புரியாமலோ, இரண்டு பேருக்கும் காபி வரவழைத்தார். சுபீர் பாபு டம்ளரையும் டபராவையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சட்டையில் கொட்டிக்கொண்டார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் மித்ரா தாளைப் படித்துவிட்டு டைப்பிஸ்டைக் கூப்பிட்டுக் கடிதத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் கிளம்பும்போது, “அந்த அம்மாவை ஒருமுறை கம்பெனி விருந்தில் பார்த்திருக்கிறேன். அழகாக இங்கிலீஷ் பேசுகிறாரே என்று நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்” என்றார்.

மெட்ராஸில் பதிப்பாளருக்குக் கடிதங்களைப் பார்த்ததும் பரம திருப்தி. தலைப்புப் பக்கம் எழுத உட்கார்ந்தார். ஆங்கிலம் என்ற இடத்தில் பிரதிமா சன்யால், ஹரிபத சன்யால் என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். தமிழ் என்ற இடத்தில் என் பெயரை அவரே எழுதினார்.

“இன்னொரு பேரும் போடணும்” என்றேன். “செண்பகம்.”

“யாரு, வீட்டம்மாவா? அவங்க காப்பிதானே எடுத்தாங்க?”

“காப்பி இல்ல. சேர்ந்து பண்ணினோம்.”

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, “சரி சார், உங்க இஷ்டம். ஆனா ரெண்டு பேர் போட்டா ரெண்டு பேர்கிட்டயும் சம்மதம் வாங்கணும். அவங்க காலமாயிட்டாங்க இல்லையா? வாரிசு யாரு?” என்றார்.

“நான்தான்.”

அச்சிட்ட படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தார். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் செண்பகத்தின் பெயரை எழுதினேன். வாரிசு என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே உறவுமுறை என்று ஒரு கோடு இருந்தது. ‘கணவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.